பை வைத்த குரோஷா வால் ஹேங்கிங்: எந்த நூல், எந்தப் பை, எத்தனை ஆணி?

கோவில்பட்டியிலிருந்து பெரியம்மா வந்திருந்தார். நான் பாதி போட்டு வைத்திருந்த வால் ஹேங்கிங்கை எடுத்து மடியில் விரித்து, மேலே இருந்த பூ வேலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. இந்தப் பையில என்னத்தம்மா வைக்கப் போற?" என்று கேட்டார். சாவி, பேனா, அது இது என்று ஏதோ சொன்னேன். "சாவிக்கு ஒரு மாதிரி பை, பேனாவுக்கு ஒரு மாதிரி பைல்லா வேணும்" என்றார்.

இரண்டு வருடத்தில் மூன்று வால் ஹேங்கிங் போட்டிருக்கிறேன். ஒன்று தொய்ந்தது, ஒன்று சாய்ந்தது, மூன்றாவது ஒழுங்காகச் சுவரில் இருக்கிறது. மூன்றுக்கும் கலரையும் டிசைனையும்தான் முதலில் முடிவு செய்தேன், பையில் என்ன வைப்பது என்பதைக் கடைசியில் யோசித்தேன். அது தலைகீழ். பையில் போகும் பொருள் முடிவானால் நூல், பின்னல், பை சேர்க்கும் முறை, ஆணி எல்லாமே தானாக வரிசைக்கு வந்துவிடும். ஏனென்றால் கரண்ட் பில், மாத்திரை அட்டை போன்றவை எடையே இல்லாதவை, பேனா, கத்தரிக்கோல், குரோஷா ஊசி இவற்றுக்கு எடை பிரச்சினை இல்லை, முனைதான் பிரச்சினை, போனும் சாவிக்கொத்தும் பவர் பேங்கும் நாள் முழுக்கக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். இந்த மூன்றில் உங்களுடையது எது என்று பார்த்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் நூல். நம் ஊர்க் கடைகளில் உல்லன் நூல் என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக். விலை குறைவு, கலர் ஏராளம், கையில் வழுக்கிக்கொண்டு ஓடும், கற்றுக்கொள்ள இதைவிட வசதியானது இல்லை. என் முதல் வால் ஹேங்கிங் இதில்தான், பச்சையும் கடுகு மஞ்சளும். மாட்டிய அன்று பை 17 செ.மீ. ஆழம் இருந்தது. கனமாக வைத்தது போன் மட்டும்தான், அதுவும் ராத்திரி மட்டும். மூன்று மாதத்தில் பையின் வாய் கீழுதடு பிதுங்கினது மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது, ஸ்கேல் வைத்துப் பார்த்தால் ஆழம் 21 செ.மீ. அக்ரிலிக் இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும், ஆனால் விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் முழுதாகத் திரும்பாது. சரி, இஸ்திரி போட்டால் சுருங்கிவிடுமோ என்று சூடு காட்டினேன், இன்னும் துவண்டுபோனது. அக்ரிலிக்கில் அதிகச் சூடு பட்டால் அந்தத் துவளல் நிரந்தரம், பழைய நிலைக்கு வராது. ஆகவே பில், வாழ்த்து அட்டை, மாத்திரை வைக்கும் பைக்கு உல்லன் தாராளமாகப் போதும், போனுக்கும் சாவிக்கும் வேண்டாம்.

பருத்தி நூல் அப்படி நீளாது. 8 ப்ளை (நூலின் தடிமனைச் சொல்லும் அளவு) காட்டன் வாங்கி 4 மி.மீ. ஊசியில் போட்டால் துணி கெட்டியாக, ஓரம் நேராக வரும். கை கொஞ்சம் வலிக்கும், ஏனென்றால் நூலில் நெகிழ்வு இல்லாததால் அந்த வேலையை விரல்தான் செய்ய வேண்டும். எங்கள் பக்கத்துக் கடையில் உல்லனைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் விலை. உருண்டையின் மேல் மெர்சரைஸ்டு என்று போட்டிருந்தால் அது காஸ்டிக் சோடாவில் பதப்படுத்திய நூல், 1844-ல் இங்கிலாந்தில் ஜான் மெர்சர் என்பவர் கண்ட வழி, அவர் பெயரிலேயே நிலைத்துவிட்டது. பளபளப்பும் பலமும் கூடும், சாயம் நன்றாகப் பிடிக்கும். சாதாரண காட்டன் மங்கலாக, கொஞ்சம் பஞ்சாக இருக்கும், எனக்கு அந்த மங்கல்தான் பிடிக்கும், ஆனால் கை அடிக்கடி பட்டு எடுக்கிற பைக்கு மெர்சரைஸ்டு நல்லது, சீக்கிரம் பிசிறு எழும்பாது. கருஞ்சிவப்பு, கருநீலம் வாங்கினால் ஒரு சாண் நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் விட்டால் அதை வெள்ளையோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

சணல் படத்தில் அழகு. கையில் எடுத்துப் பின்னினால் விரல் சிவக்கிறது, தூசியாக உதிர்கிறது, மழைக்காலத்தில் ஈரம் குடித்து ஒரு வாடை வருகிறது. கண்ணாடி, போன் வைப்பதற்கு அந்தத் தூசியே ஆகாது. பனியன் நூல், அதாவது திருப்பூர்ப் பக்கம் கட்டிங் கழிவை நாடாவாகக் கிழித்துக் கிலோ கணக்கில் விற்பது, தரைவிரிப்புக்கும் கூடைக்கும் அருமை. சுவருக்கு வேண்டாம், தன் எடைக்கே தொங்கி நீளும்.

மேக்ரமே கயிற்றை, அதாவது முடிச்சு வேலைக்கு விற்கும் கயிற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் அங்கேதான் ஊசலாடுவார்கள். 3 மி.மீ. கயிற்றை 7 மி.மீ. ஊசியில் குரோஷா போடலாம், வேலை சீக்கிரம் முடியும், ஆனால் ஒரு முழு வால் ஹேங்கிங் அரைக் கிலோவை நெருங்கிவிடும், அப்புறம் பையில் வைக்கிற எடை தனி. அதே கயிற்றை ஊசியே இல்லாமல் முடிச்சுப் போட்டுச் செய்தால் கதை வேறு, கயிறு மேலிருந்து கீழே நேராக ஓடுகிறது, எடையை நேராகத் தாங்கும். நம் வீடுகளில் உத்தரத்தில் தொங்கிய உறி அந்தக் கணக்குதான், நாலு கயிறும் முடிச்சும் ஒரு பானைத் தயிரைத் தாங்கியது. குரோஷாவில் நூல் நேராக ஓடுவதே இல்லை, வளையத்துக்குள் வளையமாகப் போகிறது, இழுத்தால் எல்லா வளையமும் கொஞ்சம் கொஞ்சம் நீளமாகி இடம் கொடுக்கும். பூந்தொட்டி மாதிரி கனமானது தொங்க வேண்டுமென்றால் முடிச்சுக்கே போங்கள், குரோஷா வேண்டாம். இதை குரோஷாவை உயிராக நினைக்கிற நானே சொல்கிறேன்.

இதற்கு நேர் எதிர் பக்கத்தில் மெல்லிய நூல் இருக்கிறது, 1.25 மி.மீ. ஸ்டீல் ஊசியில் போடும் லேஸ் வேலை, ஆந்திராவில் நரசாப்பூர்ப் பெண்கள் காலங்காலமாகப் போடுவது, நம் வீடுகளில் டிவி மேல் விரித்திருந்தது. அதை மட்டும் வைத்துப் பை செய்ய முடியாது. ஆனால் கெட்டியான காடாத் துணியில் பையைத் தைத்து அதன் முகத்தில் லேஸை வைத்துத் தைத்தால் எடை துணியில் நிற்கும், அழகு லேஸில் நிற்கும். பொறுமை உள்ளவர்களுக்கு இதுவும் ஒரு வழி.

பின்னல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை முதலில். அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷா என்பதை பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷா என்பார்கள். பழைய பள்ளிக்கூடத் தையல் வகுப்பில் கற்றவர்களும் இப்போது வீடியோ பார்த்துக் கற்றவர்களும் ஒரே பெயரில் வேறு வேறு பின்னலைச் சொல்வது இதனால்தான். நான் இங்கே அமெரிக்கப் பெயர்களைச் சொல்கிறேன்: ஊசியை நுழைத்து நூலை இழுத்து, இரண்டு வளையத்தையும் ஒரே இழுப்பில் முடிப்பது சிங்கிள்.

சிங்கிளில் இடைவெளி இல்லை, நீளுவதும் குறைவு. 30 செ.மீ. அகலத்துக்கு என் கைக்கு 48 ஸ்டிச், சுவரை ஒட்டி நிற்கும் பின் துண்டும் பையும் சேர்த்து 60 செ.மீ. நீளத்துக்கு 115 வரிசை போல வந்தது, அதாவது ஐயாயிரத்து ஐந்நூறு ஸ்டிச். தினமும் ராத்திரி ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு வாரம், பத்து நாள். டபுள் குரோஷாவில் ஒவ்வொரு ஸ்டிச்சும் தூண் மாதிரி உயரமாக நிற்கும், அதனால் பாதி வரிசைதான், நூலும் குறைவாகத்தான் போகும், மூன்று நாளில் முடிந்துவிடும். ஆனால் தூண்களுக்கு நடுவே சந்து இருக்கும். என் முதல் பையில் சின்னக் கத்தரிக்கோலைப் போட்டேன், மறுநாள் காலையில் அதன் மூக்கு இரண்டு தூண்களுக்கு நடுவே வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, கீழே சின்னவன் விளையாடிக்கொண்டிருந்தான். அன்றைக்கே அதை எடுத்துவிட்டேன். நடுவிலிருந்து சதுரமாகப் போடும் கிரானி ஸ்கொயரும் வலை மாதிரியான ஃபிலே வேலையும் இதைவிட ஓட்டை. முனை உள்ள எதையும் வைப்பதானால் பை சிங்கிளில்தான் இருக்க வேண்டும், பின் துண்டு எதில் வேண்டுமானாலும் இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவே ஹாஃப் டபுள் இருக்கிறது, பில்லும் பேப்பரும் வைக்க அது போதும், நேரமும் மிச்சம்.

அடுத்தது பையைப் பின் துண்டோடு எப்படிச் சேர்ப்பது என்பது. முழு வேலையிலும் ரொம்ப நேரம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். மூன்று வழி இருக்கிறது.

ஒரே நீளத் துண்டாகப் போட்டு, அடிப்பக்கத்தை மேலே மடித்து, இரு ஓரத்தையும் சேர்த்துப் பின்னிவிடுவது முதல் வழி. அடியில் தையலே கிடையாது, எடை முழுவதும் மடிப்பில் உட்காரும், இதைவிடப் பலமான பை இல்லை. ஆனால் மடித்ததும் துணியின் மறுபக்கம் முகமாக வந்துவிடும், அதோடு தலைகீழாகவும் வரும். திரும்பித் திரும்பிப் போடும் சிங்கிளில் இரண்டு பக்கமும் ஒன்று போல இருப்பதால் கவலை இல்லை. பையின் மேல் ஒரு பூந்தொட்டியோ, எழுத்தோ கலர் மாற்றிப் பின்னப் போகிறீர்கள் என்றால் அந்தப் பகுதியை மட்டும் தலைகீழாகவும் பின்பக்கத்தை முகமாக வைத்தும் பின்ன வேண்டும். காகிதத்தில் கட்டம் வரைந்து, உண்மையிலேயே மடித்துப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள், மனக்கணக்கு உதவாது. இன்னொன்று, பையின் வாயிலிருந்து ஆரம்பித்தால் முதல் செயின் வரிசை, அதாவது வேலையைத் தொடங்கப் போடும் சங்கிலி, பையின் வாயாகிவிடும். செயின் எப்போதும் மற்ற வரிசைகளைவிட இறுக்கமாக வரும், வாய் சுருக்குப்பை மாதிரி உள்ளே இழுக்கும். செயினுக்கு மட்டும் ஒரு சைஸ் பெரிய ஊசி, 4 மி.மீ. வேலைக்கு 4.5 அல்லது 5, எடுத்தால் அது சரியாகும். அல்லது மேலே மாட்டுவதற்கான கம்பு வரும் பக்கத்திலிருந்து ஆரம்பித்துவிட்டால் அந்தப் பிரச்சினையே இல்லை, கம்பு வரும் இடத்தில் கொஞ்சம் இறுக்கம் நல்லதுதான்.

பையைத் தனியாகப் போட்டு வைத்துத் தைப்பது இரண்டாவது. எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான், சுதந்திரமும் இதில்தான் அதிகம். வேறு கலர், வேறு பின்னல், வட்டப் பை, இலை வடிவப் பை, எதுவும் செய்யலாம், பிடிக்கவில்லையென்றால் பிரித்து வேறு வைக்கலாம். ஆனால் எடை முழுவதும் ஒரு வரித் தையலில் நிற்கிறது, அதிலும் கீழ் இரண்டு மூலையில். பிரிந்தால் முதலில் பிரிவது அந்த மூலைதான். பின்னிய அதே நூலை இரட்டையாகக் கோத்து, மூலையில் மூன்று சுற்று, வாய்ப்பக்க ஓரத்திலும் மூன்று சுற்று தைத்தால் லேசான பொருளுக்குப் பல வருடம் நிற்கும். பையைப் பின் துண்டோடு பொருத்தும்போது வரிசை எண்ணிக் குண்டூசி குத்துங்கள், கண்ணளவில் வைத்தால் ஒரு பக்கம் இரண்டு வரிசை ஏறிவிடும், தைத்து முடித்த பிறகுதான் கண்ணில் படும்.

மூன்றாவது, பின் துண்டின் மேலேயே பையைக் கிளப்புவது. ஒவ்வொரு ஸ்டிச்சின் தலையிலும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு வளையம் இருக்கும். பை தொடங்க வேண்டிய வரிசையில் பின் வளையத்தில் மட்டும் பின்னிக்கொண்டு போனால், முன் வளையங்கள் வரிசையாக வெளியே நிற்கும். பின் துண்டு முடிந்த பிறகு அந்த முன் வளையங்களில் புது நூலைச் சேர்த்து மேல்நோக்கிப் போட்டுக்கொண்டே போக வேண்டும், ஒவ்வொரு வரிசை முடிவிலும் பின் துண்டின் ஓரத்தில் ஒரு ஸ்லிப் ஸ்டிச், அதாவது உயரம் இல்லாமல் இணைக்க மட்டும் போடும் பின்னல். இதற்குப் பின் துண்டைக் கீழிருந்து மேலாகப் போட்டிருக்க வேண்டும், அல்லது வளையம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனித்துத் திருப்பிக்கொள்ள வேண்டும். அடியில் தையல் இல்லாததால் பலம் உண்டு, மூன்று நான்கு பைகள் அடுக்காக வேண்டுமென்றால் இதுதான் சுத்தமான வழி. மடிப்பு முறையில் அடுக்கு வைக்கவே முடியாது. ஸ்லிப் ஸ்டிச் இறுகினால் ஓரம் சுருங்கும், நானே இரண்டு முறை பிரித்துப் போட்டேன். பொறுமையாகச் செய்கிறவர்களுக்கு இது.

எந்த வழியானாலும் பையின் வாயில் ஒரு வரிசை கிராப் ஸ்டிச் போட்டுவிடுங்கள், அதாவது சிங்கிளை இடமிருந்து வலமாகப் போடுவது. முறுக்கிய கயிறு மாதிரி ஒரு விளிம்பு வரும், வாய் நீளாது. போன், பவர் பேங்க் வைப்பதானால் உள்ளே லைனிங் கட்டாயம். டூ பை டூ பிளவுஸ் பிட் ஒன்று போதும், முதல் நாளே நனைத்துக் காயவைத்து, பையைவிட அரை செ.மீ. சின்னதாக வெட்டித் தைத்தால் எடையை லைனிங் ஏற்றுக்கொள்ளும், பின்னல் சும்மா முகமாக இருக்கும். நனைக்காமல் தைத்தால் முதல் துவைப்பில் லைனிங் சுருங்கிப் பையையும் சேர்த்து இழுக்கும்.

என் இரண்டாவது வால் ஹேங்கிங் சாய்ந்தது என்றேனே, அது நூலின் குற்றம் இல்லை, ஒற்றை ஆணியின் குற்றம். கம்பின் இரு முனையிலும் கயிறு கட்டி, நடுவில் ஒரு ஆணியில் முக்கோணமாக மாட்டுவது பார்க்க அம்சம். ஆனால் தராசை நடுவில் பிடித்தது போலத்தான், இடப்பக்கம் சாவியைப் போட்டால் இடப்பக்கம் இறங்கும், ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் வைக்கும்போதும் நேர்ப்படுத்த வேண்டும். வெறும் அழகுக்கு என்றால் ஒரு ஆணி, பையைப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் கம்பின் இரு முனைக்கும் தனித்தனி ஆணி. வாடகை வீட்டில் வீட்டுக்காரர் சுவரைத் தொட விடவில்லையென்றால் ஒட்டும் கொக்கி வாங்கத் தோன்றும். டைல்ஸிலும் பீரோ மேலும் அது நன்றாகப் பிடிக்கும், சுண்ணாம்பு அடித்த சுவரிலும் டிஸ்டெம்பரிலும் பெயின்ட்டோடு சேர்ந்து உரிந்து வரும். நான் பீரோவின் பக்கவாட்டில் இரண்டு காந்தக் கொக்கி வைத்து மாட்டியிருக்கிறேன், இன்றுவரை அசையவில்லை. சொந்தச் சுவர் என்றால் டிரில் போட்டு பிளாஸ்டிக் பிளக் வைத்து ஸ்க்ரூ, வேறு யோசனையே வேண்டாம்.

கம்புக்கு மூங்கில், தேக்குக் குச்சி, எலக்ட்ரிக் பைப் எதுவும் சரி. மேல் ஓரத்தை 4 செ.மீ. மடித்துத் தைத்துக் குழாய் மாதிரி ஆக்கிக் கம்பை நுழைத்தால் எடை அகலம் முழுக்கப் பரவும், துவைக்கும்போது கம்பை உருவிவிடலாம். காது காதாக வளையம் வைப்பதில் இரண்டு காதுக்கு நடுவே துணி தொய்யும்.

இப்போது நாலாவது வால் ஹேங்கிங், பெரியம்மா பார்த்த பாதி வேலையை ஓரம் வைத்துவிட்டுப் புதிதாக, அவருக்கே. பெரியம்மா கேட்ட கேள்விக்குப் பதில் அவரிடமே இருந்தது. ராத்திரி மூக்குக் கண்ணாடியைத் தலையணை அடியில் வைத்து இரண்டு முறை உடைத்திருக்கிறார், மாத்திரை அட்டைகள் ஜன்னல் விளிம்பில் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும், போன் கட்டிலிலிருந்து நழுவி விழும். ஆகவே 8 ப்ளை மெர்சரைஸ்டு காட்டன், சந்தன நிறம், முழுக்க சிங்கிள், 250 கிராம் வாங்கியிருக்கிறேன், கொஞ்சம் மிஞ்சும். கீழே மடித்துச் செய்த ஒரு பெரிய பை, லைனிங் வைத்து, கண்ணாடிக்கும் போனுக்கும். அதற்கு மேலே, பின் துண்டிலிருந்து கிளப்பிய மூன்று சின்னப் பைகள் பக்கத்துப் பக்கத்தில், காலை, மதியம், இரவு மாத்திரைகளுக்கு. லைட் போடாமல் கையால் தடவியே தெரிய வேண்டும் என்று முதல் பையின் முகத்தில் புடைத்து நிற்கும் ஒரு பாப்கார்ன் மொட்டு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் மூன்று. பூ வேலை எல்லாம் மேலே, கை படாத இடத்தில். போன் பைக்கு அடியில் சார்ஜர் வயர் நுழைய ஓட்டை விடலாமே என்று தங்கை கேட்டாள், துணிக்குள் வைத்து சார்ஜ் போட்டால் போன் சூடாகும், அதனால் விடவில்லை.

அண்ணனிடம் டேப் எடுத்து, பெரியம்மா கட்டிலில் உட்கார்ந்து சுவர்ப் பக்கம் கை நீட்டினால் எந்த உயரத்தில் விரல் படுகிறது என்று அளந்து சொல்லச் சொன்னேன். தரையிலிருந்து 95 செ.மீ. பெரிய பையின் வாய் அங்கே வர வேண்டும், எடையில் ஒரு செ.மீ. இறங்கும், அதனால் 96. அங்கிருந்து மேலே அளந்து இரண்டு ஸ்க்ரூவுக்கும் பென்சிலில் குறி போட்டுவிட்டார். லைனிங் துணி மாடிக் கொடியில் காய்கிறது, முதல் செயின் வரிசையை 5 மி.மீ. ஊசியில் போட்டுவிட்டேன், 48 ஸ்டிச்சுக்கு 48, திரும்ப ஒன்று, மொத்தம் 49.